அலிகர் பெண்கள் விடுதி

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு ஊர்களின் பேருந்து நிலையங்களில் ஆண்டுதோறும் ஒரே காட்சிதான். ஒரு பெட்டி, சுருட்டிக் கட்டிய படுக்கை, ஒரு பிளாஸ்டிக் வாளி. அவற்றின் நடுவே ஒரு தந்தை, ஒரு தாய், அழுது ஓய்ந்த கண்களோடு ஒரு பிள்ளை. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நாமக்கல், கோழிப் பண்ணைக்கும் லாரிக்கும் பெயர் பெற்றதைப் போலவே விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர் பெற்றது. தமிழகத்தின் மறுகோடியிலிருந்தெல்லாம் பெற்றோர் வந்து தம் மக்களை இந்தச் சமவெளியில் விட்டுச் செல்கின்றனர்.

ஆனால் இந்தச் சமவெளியிலேயே பிறந்து வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், பெண்பிள்ளையை விடுதியில் விடுவது என்ற பேச்சு எழுந்தால் வீடே மௌனமாகிவிடும். அந்த மௌனத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், லாரி பாடி கட்டும் பட்டறையில் பங்குள்ள ஒரு ராவுத்தர் என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். மேலே படிக்க வெளியூரில் விடுதி வைத்த பள்ளி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. "விடலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். எனக்கு அப்போது முப்பது வயது கூட நிரம்பவில்லை; மதரஸாவிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கேள்வி கேட்டு முடியுமுன் விடை சொல்லும் வயது அது. வீட்டிலிருந்து போய்வருகிற தொலைவில் இருந்தால் படிக்கட்டும், இல்லையென்றால் இத்தோடு போதும் என்றேன். போய்வருகிற தொலைவில் ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த ஆண்டே அந்தப் பெண்ணுக்கு நிகாஹ் ஆயிற்று.

சென்ற மாதம் அதே ராவுத்தர் மீண்டும் வந்தார். தாடி முழுதும் நரைத்துவிட்டது. இம்முறை பேத்தியைப் பற்றிய கேள்வி. "அன்னிக்கு நீங்க சொன்னதக் கேட்டேன் ஹஜ்ரத். இன்னிக்கு என்ன சொல்றீங்க?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்கு உடனே நா எழவில்லை. நூறாண்டுகளுக்கு முன் இதே கேள்வியை ஓர் ஊரே கேட்டது என்றும், அதற்கு ஒரு பெண்மணி எப்படி விடை கண்டார் என்றும் அவரிடம் சொல்லத் தொடங்கினேன். அஸர் பாங்கு சொல்லும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அன்று சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

பெண்ணை விடுதியில் விட்டுப் படிக்கவைப்பது தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்து உடுவிலில் அமெரிக்க மிஷனரிகள் 1824இலேயே பெண்களுக்கான விடுதிப் பள்ளியைத் தொடங்கிவிட்டனர். ஹாரியட் வின்ஸ்லோ என்ற பாதிரியாரின் மனைவி அதை நடத்தினார். ஆசியாவிலேயே முதலாவது பெண்கள் விடுதிப் பள்ளி அதுதான் என்பர். தொடக்கத்தில் பெண்களைத் தர எவரும் முன்வராததால், படித்து முடித்து மணம் புரிந்துகொள்ளும் பெண்களுக்கு மிஷனே சீதனம் கொடுத்த காலமும் இருந்தது. அதன் பின்னர் தமிழகத்திலும் பல ஊர்களில் மிஷன் விடுதிகள் தோன்றின. அவற்றின் ஒழுங்கையும் உழைப்பையும் நம் முன்னோர் அறியாதவரல்லர். எனினும் அங்கே பிள்ளை தங்கினால் மார்க்கம் தங்குமா என்ற அச்சம் அவர்களை வாசலிலேயே நிறுத்திற்று. அந்த அச்சத்தை வெறும் பேதைமை என்று தள்ளிவிடவும் முடியாது. மதத்தைப் பரப்புவதும் தங்கள் நோக்கம் என்பதை மிஷனரிகள் ஒருபோதும் மறைக்கவில்லை.

முஸ்லிம்கள் தாமே பெண்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடத்தினால் என்ன? இந்தக் கேள்வி வடக்கே அலிகரில் எழுந்தது. எழுந்த இடமும் வியப்புக்குரியதுதான். ஸர் ஸெய்யித் அஹ்மத் கான் 1875இல் அங்கே தொடங்கிய கல்விக்கூடம் நம் ஆண்களுக்கு ஆங்கிலக் கல்வியின் கதவைத் திறந்தது. ஆனால் பெண்கல்வியில் அப்பெரியார் தயங்கினார். 1882இல் ஹண்டர் தலைமையிலான கல்விக் குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது, முதலில் ஆண்கள் படிக்கட்டும், படித்த ஆண்கள் தம் வீட்டுப் பெண்களைப் படிக்கவைப்பர் என்ற கருத்தையே அவர் கூறினார். 1898இல் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய கல்லூரியில் பெண்களுக்கென ஒரு செங்கல்லும் வைக்கப்படவில்லை.

அந்தக் கல்லூரியில் படித்த ஒரு மாணவரே அக்குறையைத் தீர்க்கப் புறப்பட்டார். காஷ்மீரத்துப் பூஞ்ச் பகுதியில் 1874இல் ஓர் இந்துக் குடும்பத்தில் தாகூர் தாஸாகப் பிறந்து, இளமையில் இஸ்லாத்தை ஏற்று ஷைகு அப்துல்லாஹ் ஆனவர் அவர். அலிகரில் சட்டம் படித்து அங்கேயே வக்கீல் தொழில் புரிந்தார். ஸர் ஸெய்யித் தோற்றுவித்த முஹம்மதியக் கல்வி மாநாடு 1896இல் பெண்கல்விக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தியிருந்தது; ஆனால் அது பெயரளவிலேயே கிடந்தது. 1902இல் அப்பிரிவின் செயலாளர் பொறுப்பு ஷைகு அப்துல்லாஹ்விடம் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரி முதல் நாள், தம் நண்பர் ஒருவரின் சகோதரியான வஹீத் ஜஹான் பேகத்தை அவர் மணந்தார். இந்த இரண்டு நிகழ்ச்சிகளில் எது பெரிது என்று கேட்டால் இரண்டாவதையே நான் சொல்வேன்.

வஹீத் ஜஹான் தில்லியில் முகலாய மரபு வந்த குடும்பத்தவர். பள்ளிக்கூடத்துப் படியை மிதித்தவரல்லர், வீட்டுக்குள்ளேயே கற்றவர். நம் கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் வீட்டு மாடியில் அமர்ந்து அரபுத்தமிழில் மார்க்க நூல்களைப் படித்த நம் பாட்டிமார் வரிசையில் அவரையும் வைத்துப் பார்க்கலாம். அறிவு வேண்டும் என்ற வேட்கை அவர்களிடம் இருந்தது. அதற்கு ஒரு கட்டடம்தான் இல்லை.

கணவரும் மனைவியும் முதலில் எடுத்த ஆயுதம் பேனா. 1904இல் 'காத்தூன்' என்ற உருது மாத இதழைத் தொடங்கினர். பத்தாண்டுகள் அது நடந்தது. பெண்கல்வி வேண்டும் என்று மாதந்தோறும் எழுதுவது எளிது. பள்ளி தொடங்குவோம் என்றபோதுதான் தடை தெரிந்தது. பாடம் சொல்லப் பெண் ஆசிரியை வேண்டும். ஆசிரியை வேண்டுமானால் முன்னரே படித்த பெண் வேண்டும். படித்த பெண் வேண்டுமானால் பள்ளி வேண்டும். முதலில் ஆசிரியைகளுக்கே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கலாம் என்றுதான் திட்டமிட்டனர். அதில் சேரத் தகுதியுள்ள பெண்கள் கிடைக்காததால் அதைக் கைவிட்டுச் சிறுமியர் பள்ளியையே தொடங்க முடிவு செய்தனர்.

எதிர்ப்பு எத்தகையது என்பதை நாம் இன்று முழுதும் உணர்வது கடினம். படிக்கக் கற்பிக்கலாம், எழுதக் கற்பிக்கக் கூடாது என்று வாதிட்டவர்கள் அன்று நிரம்ப இருந்தனர். குர்ஆனை ஓதத் தெரிந்தால் போதும், எழுதக் கற்றால் எவருக்கேனும் கடிதம் எழுதுவாள் என்பது அவர்கள் வாதம். இதற்கு ஆதாரமாக ஒரு ரிவாயத்தையும் சொல்வதுண்டு. ஹதீஸ் கலை ஓதிய என் போன்றோர் இவ்விடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது நேர்மையாகாது. அந்த ரிவாயத்து இட்டுக்கட்டப்பட்டது என்று இமாம் தஹபீ போன்ற விமர்சகர்கள் ஒதுக்கிவிட்டனர். அதற்கு மாறாக, அஷ்ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணி உம்முல் முஃமினீன் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்ததையும், அதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிந்து ஏற்றதையும் அபூதாவூத் நூலில் காண்கிறோம். நபிகளாரின் இல்லத்துக்குள்ளேயே ஓர் ஆசிரியை வந்து எழுதக் கற்பித்திருக்கிறார். இதை அறிந்திருந்தும் ஆலிம்களில் பலர் அன்று பேசவில்லை. பேசியவர்களும் வீட்டுக் கல்வியோடு நின்றுகொண்டனர். மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள் பெண்களுக்கென்றே 'பிஹிஷ்தீ ஸேவர்' என்ற பெருநூலை எழுதியதும் வீட்டுக்குள் கற்பிப்பதற்காகத்தான். அந்நூல் செய்த நன்மை பெரிது. நம் தமிழ்க் குடும்பங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆனால் கற்பிக்க ஆள் இல்லாத வீட்டில் நூல் மட்டும் என்ன செய்யும்?

போபாலை ஆண்ட ஸுல்தான் ஜஹான் பேகம் அவர்கள் இந்த இடத்தில் கைகொடுத்தார். 1901 முதல் 1926 வரை அரியணையில் இருந்தவர். புர்காவோடு அரசு நடத்தியவர். பள்ளிக்கு மாதம் நூறு ரூபாய் மானியம் அளிக்க முன்வந்தார். ஒரு பெண், அதுவும் கோஷா காத்த அரசி, பள்ளிக்குப் பின்னால் நிற்கிறார் என்றவுடன் எதிர்ப்பாளர்களின் குரல் சற்றே தணிந்தது.

1906 அக்டோபர் 19 அன்று அலிகர் நகரத்து மேல்கோட்டைப் பகுதியில் வாடகை வீடு ஒன்றில் பள்ளி தொடங்கிற்று. ஐந்து சிறுமியர், ஓர் உஸ்தானி. குர்ஆன், உருது, சிறிது கணக்கு, தையல். இவ்வளவுதான் பாடத்திட்டம். திரை போட்ட டோலிகளில் சிறுமியரை அமர்த்தி ஆட்கள் சுமந்து வந்து, மாலையில் அவ்வாறே கொண்டு சேர்த்தனர். கல்கத்தாவில் 1911இல் பேகம் ருகையா தம் பள்ளியை நடத்தியபோதும் இதே கதைதான். அங்கே டோலிக்குப் பதில் எல்லாப் பக்கமும் அடைத்த வண்டி. காற்றுப் போக வழியில்லாமல் சிறுமியர் மயங்கி விழுந்தனர். துணித் திரை கட்டினாலோ, திரை பறக்கிறது, பர்தா குலைகிறது என்று மொட்டைக் கடிதங்கள் வந்தன.

இங்கேதான் விடுதியின் தேவை பிறந்தது. இதை நாம் நின்று கவனிக்கவேண்டும். விடுதி என்றால் வீட்டின் காவலை விட்டு விலகுவது என்று நாம் நினைக்கிறோம். அலிகரில் அது தலைகீழாயிற்று. நாள்தோறும் தெருவில் டோலி போவதைத்தான் ஊரார் குறைகூறினர். சிறுமிக்குப் பத்து, பதினொரு வயதாகிவிட்டால் அந்த டோலியும் நின்றுவிடும். அத்துடன் படிப்பும் நிற்கும். ஆனால் பள்ளியின் மதிலுக்குள்ளேயே அவள் தங்கிவிட்டால் தெருவே இல்லை, டோலியே வேண்டாம். கோஷாவைக் கைவிடாமல் படிப்பைத் தொடர ஒரே வழி, பிள்ளை அங்கேயே உறங்கி அங்கேயே எழுவதுதான். வெளியூர்க் குடும்பங்களின் பெண்களும் அப்போதுதான் வரமுடியும். மருத்துவத்திலும் இதே அனுபவத்தை நம் சென்னை கண்டது. 1885இல் தோன்றிய திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி பெண்களின் மறைப்பை மதித்ததால்தான், வீட்டை விட்டு வெளிவராத பெண்களும் அங்கே சென்றனர்.

விடுதிக்கு இடம் தேடியபோது புதிய எதிர்ப்பு வந்தது. இம்முறை ஆலிம்களிடமிருந்து அல்ல, ஆங்கிலம் படித்த கல்லூரி நிருவாகிகளிடமிருந்தே வந்தது. ஆண்கள் கல்லூரிக்கு அருகில் பெண்கள் விடுதியா என்று அவர்கள் அஞ்சினர். ஆகவே சற்றுத் தொலைவில் நிலம் பார்க்கவேண்டியதாயிற்று. 1911 நவம்பர் 7 அன்று மாகாணத்து ஆளுநர் பொறுப்பில் இருந்தவரின் மனைவி லேடி போர்ட்டர் அடிக்கல் நாட்டினார். உயர்ந்த மதில், நடுவே முற்றம், சுற்றிலும் அறைகள். 1914 மார்ச் முதல் நாள் போபால் பேகம் அவர்களே வந்து விடுதியைத் திறந்து வைத்தார். அவ்வமயம் பல ஊர்ச் சீமாட்டிகள் அலிகரில் கூடினர். அகில இந்திய முஸ்லிம் பெண்கள் மாநாடு என்ற அமைப்பு அங்கே உருப்பெற்றது. மேடைகளும் தீர்மானங்களும் வரவேற்புரைகளும் நிறைந்த அந்த நாட்களைப் பற்றி வரலாற்று நூல்களில் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள்.

என் மனம் செல்வது அடுத்த நாள் இரவுக்கு. சீமாட்டிகள் ஊர் திரும்பிவிட்டார்கள். பந்தல் பிரிக்கப்பட்டுவிட்டது. புதுச் சுண்ணாம்பு மணக்கும் அறைகள். விளக்கு அணைத்தபின் எந்த வீட்டுப் பிள்ளை அங்கே படுத்துறங்கும்?

வஹீத் ஜஹான் பேகம் இதற்குச் சொற்களால் விடை தரவில்லை. முதலில் சேர்ந்த விடுதி மாணவியரில் பெரும்பாலோர் அவ்விருவரின் சொந்தப் பிள்ளைகளும், உறவினர், நண்பர் வீட்டுப் பெண்களுமே. அவர்களுடைய மூத்த மகள் ரஷீத் ஜஹானுக்கு அப்போது எட்டு வயது. பிறர் பெண்ணைக் கேட்குமுன் தம் பெண்ணைக் கொடுத்தார்கள். அதோடு நில்லாமல், தொடக்க நாட்களில் அந்த அம்மையார் தம் வீட்டு வசதியை விட்டு விடுதிக்கே வந்து தங்கினார். பிள்ளைகளின் உணவு, உடல்நலம், தொழுகை, உறக்கம் எல்லாம் அவர் கண் முன்னே நடந்தன. நோயுற்றவள் அருகில் அமர்ந்தார். வீட்டை நினைத்து அழுதவளை மடியில் சாய்த்துக்கொண்டார். மாணவியர் அவரை 'ஆலா பீ' என்றும் ஷைகு அப்துல்லாஹ்வை 'பாப்பா மியான்' என்றும் அழைத்தனர். பள்ளிக்கூடத்து நிருவாகியை எந்த மாணவி 'அத்தா' என்று கூப்பிடுவாள்? இங்கே கூப்பிட்டார்கள்.

பிள்ளைகளின் தாய்மார்கள் பார்க்க வந்தால் ஆலா பீ அவர்களோடு அமர்ந்து பேசினார். தன் மகள் இரவில் யார் அருகே உறங்குகிறாள் என்பதை அந்தத் தாய் கண்ணால் கண்டு திரும்பினாள். அவள் ஊருக்குப் போய் நாலு வீட்டில் சொன்ன சொல், 'காத்தூன்' பத்தாண்டு எழுதியதை விட அதிகம் வேலை செய்தது என்பது என் கணிப்பு.

குறைகளையும் சொல்லவேண்டும். கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. பிள்ளைகளுக்கு வரும் கடிதமும் அவர்கள் எழுதும் கடிதமும் பார்வையிடப்பட்டன. எழுதக் கற்றால் கடிதம் எழுதுவாள் என்றவர்களுக்கு, எழுதட்டும், நாங்கள் படித்துவிட்டே அனுப்புகிறோம் என்று சொன்னதைப் போல! இன்றைய பெண்பிள்ளைகள் இதை ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் வேண்டியதில்லை. மற்றொரு குறை இதனினும் பெரிது. உயர்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளியாகவே அது எழுந்தது. அதே அலிகரில் பூட்டுப் பட்டறைகளில் வேலை செய்தவர்களின் பெண்கள் அந்த மதிலை வெளியிலிருந்துதான் பார்த்திருப்பார்கள். டோலி சுமந்து வந்தவரின் மகள் எங்கே படித்தாள் என்று கேட்டால் வரலாற்றில் விடை இல்லை.

அலிகர் கல்லூரி 1920இல் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதன் முதல் வேந்தராக அமர்ந்தவர் போபால் பேகம் ஸுல்தான் ஜஹான். ஸர் ஸெய்யித் பெண்களுக்கு இடம் வைக்காத வளாகத்தின் உச்சியில் ஒரு பெண்ணே அமர்ந்தார். அடுத்த ஆண்டு பெண்கள் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது.

பள்ளிக்குப் பெருஞ்சோதனை வந்தது அதன் சொந்தப் பிள்ளை மூலமாகவே. ரஷீத் ஜஹான் அங்கே படித்து, லக்னோவுக்குச் சென்று, பின் தில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்று டாக்டரானார். 1932இல் வேறு மூவரோடு சேர்ந்து 'அங்காரே' என்ற கதைத் தொகுப்பை வெளியிட்டார். சமயவாணரையும் சமூக வழக்கங்களையும் அது கடுஞ்சொல்லால் சாடிற்று. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. 1933இல் மாகாண அரசு நூலைத் தடை செய்தது. அந்நூலின் நடைக்கும் துணிபுக்கும் நான் வக்காலத்து வாங்க வரவில்லை. மனம் புண்படும் பகுதிகள் அதில் இருந்தன. ஆனால் கோபம் நூலோடு நிற்கவில்லை. இப்படிப்பட்டவளை உருவாக்கிய பள்ளியை இழுத்து மூடு என்ற கூக்குரல் எழுந்தது. மௌலவி ஒருவர் விடுதியில் இருந்த பெண்களின் ஒழுக்கத்தையே இழித்து எழுதினார். அங்கே படித்த நூற்றுக்கணக்கான பெண்கள் செய்த குற்றம் என்ன? ஓர் ஆண் தவறாக எழுதினால் அவன் படித்த கல்லூரியை மூடச் சொன்னவர் உண்டா?

இதற்கு மறுமொழி விடுதிக்குள்ளிருந்தே வந்தது. மாணவி ஒருத்தி பேனா எடுத்து எழுதினாள். அலிகர்ப் பத்திரிகையில் அது வெளிவந்தது. அவள்தான் பின்னாளில் உருது இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்ற இஸ்மத் சுக்தாய். என்னைப் படிக்க அனுப்பாவிட்டால் வீட்டை விட்டு ஓடி மிஷன் பள்ளியில் சேர்ந்துவிடுவேன் என்று தம் தந்தையை மிரட்டி அலிகர் விடுதிக்கு வந்ததை அவர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருடைய கதைகள் எல்லாவற்றையும் நம் குடும்பங்களில் படிக்கக் கொடுப்போம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தன் விடுதியின் மானத்துக்காக ஓர் இளம்பெண் எழுதி நின்றாள் என்பதை எண்ணும்போது, எழுதக் கற்பிக்காதீர் என்றவர்கள் அஞ்சியதன் காரணமும் விளங்குகிறது.

ஆலா பீயின் பெண்மக்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்களல்லர். ஒருவர் மருத்துவரும் எழுத்தாளரும் ஆனார். மும்தாஜ் ஜஹான் அக்கல்விக்கூடத்துக்கே முதல்வராகி நீண்ட காலம் அதை நடத்தினார். குர்ஷீத் ஜஹான் ரேணுகா தேவி என்ற பெயரில் பம்பாய்த் திரைப்படங்களில் நடித்தார். அதற்காகவும் பெற்றோர் ஏச்சு வாங்கினர். எந்தப் பேச்சுக்கும் அவர்கள் பள்ளியின் கதவை மூடவில்லை. பெற்றோரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விடவில்லை. 1914 முதல் கட்டிய நம்பிக்கை அதைத் தாங்கிற்று. 1937இல் அங்கே பட்டப் படிப்புத் தொடங்கிற்று. வீட்டுக்குள் கற்ற வஹீத் ஜஹான், தம் விடுதிப் பள்ளி பட்டக் கல்லூரியாவதைக் கண்டபின் 1939இல் மறைந்தார். ஷைகு அப்துல்லாஹ் மேலும் கால் நூற்றாண்டு வாழ்ந்தார், 1964இல் அரசு பத்மபூஷண் விருது அளித்தது, 1965இல் காலமானார். மாணவியர் தங்கும் அவ்விடம் அப்துல்லாஹ் ஹால் என்ற பெயரால் வழங்குகிறது. பழைய விடுதிப் பள்ளி அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரியாகிவிட்டது. அவ்விருவரின் மணநாளான பிப்ரவரி முதல் நாளே அங்கு நிறுவுநர் நாளாகக் கொண்டாடப்படுகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அதே ஆண்டுகளில் நம் தமிழகம் எப்படி இருந்தது? அலிகரில் பட்டப் படிப்புத் தொடங்கிய மறுவருடம், 1938இல், நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். மகாமகோபாத்தியாய உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை அளித்தார். அந்த அம்மையார் பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். மூன்றாம் வகுப்போடு நின்றவர் நாவல் எழுதினார் என்று நாம் பெருமை பேசுகிறோம். அவர் நிற்காமல் படித்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று கேட்பதில்லை. 'தாருல் இஸ்லாம்' தாவூத் ஷா அவர்கள் பெண்கல்விக்காக எழுதி ஏச்சு வாங்கியதும் அக்காலத்தில்தான். நீதிபதி பஷீர் அஹ்மத் ஸெய்யித் அவர்கள் சென்னையில் எஸ்.ஐ.ஈ.டி. பெண்கள் கல்லூரியைத் தொடங்கியது 1955இல். சென்னைக்குப் பெண்ணை அனுப்பத் துணிந்த மேற்கு மாவட்டத்துக் குடும்பங்கள் அன்று எத்தனை இருந்திருக்கும்? சேலத்து ஜவுளிக் கடைக்காரரும், நாமக்கல் சந்தையில் வியாபாரம் செய்த நம்மவரும் பையனை வெளியூருக்கு அனுப்பினார்கள். பெண்ணுக்கு, ஓதிக்கொடுக்கும் பீவியம்மா வீட்டோடு சரி.

இந்தக் கதையெல்லாம் முடிந்தபின் ராவுத்தர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப விடலாங்கிறீங்க" என்றார்.

விடலாம் என்று ஒற்றைச் சொல்லில் நான் சொல்லவில்லை. ஒற்றைச் சொல்லில் விடை சொல்லி ஒருமுறை தவறியவன் நான். நேரில் போய்ப் பாருங்கள் என்றேன். கட்டடத்தையும் மதிப்பெண் பட்டியல் ஒட்டிய பலகையையும் அல்ல. இரவு பத்து மணிக்குமேல் பிள்ளைகளோடு தங்குகிற பெண்மணி யார், அவர் பெயர் என்ன, எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் எழுந்து பார்ப்பது, தொழுகைக்கு இடம் உண்டா, பிள்ளை வீட்டுக்குப் பேச நினைத்தால் பேச முடியுமா, இவற்றைக் கேளுங்கள். நிருவாகியின் சொந்தப் பெண் அங்கே படிக்கிறாளா என்றும் கேளுங்கள். உங்கள் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கேட்கவேண்டியதை அவளே கேட்பாள். பேத்தியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்றேன்.

மகள் என்றதும் அவர் தலை குனிந்துகொண்டார். நானும் ஒளுச் செய்ய எழுந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. ராவுத்தர் பேசவில்லை, அவருடைய மகள் பேசினாள். மூன்று இடங்களைப் பார்த்தார்களாம். முதல் இரண்டு இடங்களிலும் இரவில் தங்குகிறவர் யார் என்ற கேள்விக்குச் சரியான விடை வரவில்லை. மூன்றாவது இடத்தில் அந்தப் பெண்மணியே வெளியே வந்து, தம் அறை எது என்று காட்டினாராம். பிள்ளைகள் படுக்கும் கூடத்தை ஒட்டிய அறை. "அங்கேதான் சேர்த்திருக்கோம் ஹஜ்ரத். துஆ செய்ங்க" என்றாள். பிறகு, "நானும் ஒரு நாள் ராத்திரி அவளோட அங்கேயே தங்கிட்டு வந்தேன்" என்றாள்.